‘கெட் அவுட்’ படத்தில் பயம் எங்கே இருக்கிறது?

கேள்வி: ஜோர்டன் பீல் இயக்கிய ‘கெட் அவுட்’ பார்த்தேன். பேய் இல்லை, தூக்கிப்போடும் காட்சிகளும் குறைவு. கடைசியில்தான் ரத்தம். இதை ஏன் இந்த நூற்றாண்டின் முக்கியமான திகில் படங்களில் ஒன்று என்கிறார்கள்? அமெரிக்க இனப் பிரச்சினை சரியாகத் தெரியாததால் எனக்கு ஏதாவது விட்டுப்போகிறதா?

பதில்: கொஞ்சம் விட்டுப்போகிறது. ஆனால் வரலாறு படித்துவிட்டு வந்தால்தான் பிடிபடும் என்கிற படமும் இல்லை இது. எதற்குப் பயப்பட வேண்டும் என்று நாம் எதிர்பார்த்துக்கொண்டு உட்காருகிறோமே, அங்கேதான் சிக்கல். இனவெறியைப் பற்றிய படம் என்றதும் வசைபாடுகிற, அடிக்கிற, துப்பாக்கி தூக்குகிற வெள்ளைக்காரனைத் தேடுகிறோம். இந்தப் படத்தின் பயம் அப்படிப்பட்டவர்களிடமிருந்து வருவதில்லை. நாயகன் கிறிஸ்ஸை அந்த வீட்டில் யாரும் வெறுப்பதில்லை. எல்லோருக்கும் அவனைப் பிடித்திருக்கிறது. அவன் உடம்பு பிடித்திருக்கிறது, அவன் கண் பிடித்திருக்கிறது. அவன் ஒருவன்தான் அவர்களுக்குத் தேவையில்லை. படத்தின் திகில் முழுவதும் இந்த விருப்பத்தில்தான் இருக்கிறது.

நீங்கள் பார்த்துவிட்டதால் கதையை உடைத்தே பேசுகிறேன். பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். கிறிஸ் நியூயார்க்கில் வாழும் கறுப்பினப் புகைப்படக்காரன் (டேனியல் கலூயா). காதலி ரோஸ் (அலிசன் வில்லியம்ஸ்) வெள்ளையினப் பெண். வாரக்கடைசிக்கு அவளுடைய பெற்றோர் வீட்டுக்குப் போகிறார்கள். “நான் கறுப்பினத்தவன் என்று அவர்களுக்குத் தெரியுமா?” என்று கிறிஸ் கேட்கிறான், அவள் சிரித்துத் தட்டிவிடுகிறாள். அப்பா மூளை அறுவை மருத்துவர், அம்மா ஹிப்னாடிசம் செய்யும் மனநல மருத்துவர். கறுப்பின இளைஞர்களை மயக்கிக் கூட்டிவந்து, வயதான பணக்கார வெள்ளையர்களின் மூளையை அவர்கள் உடலுக்குள் வைப்பதுதான் அந்தக் குடும்பத்தின் தொழில்.

கேட்டால் பழைய அறிவியல் திகில் கதை மாதிரி இருக்கும். அது உண்மைதான், இந்தக் கதையின் எலும்புக்கூடு புதிதல்ல. பீல் அதற்கு மேல் போர்த்தியிருக்கும் சதைதான் புதிது.

விருந்துக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் விருந்தாளிகள் ஒவ்வொருவராக வந்து கிறிஸ்ஸிடம் பேசுகிறார்கள். ஒருவர் கோல்ஃப் ஆடுபவர், தனக்கு டைகர் உட்ஸைத் தெரியும் என்கிறார். ஒரு பெண்மணி அவன் புஜத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, படுக்கையில் எப்படி என்று ரோஸிடம் கேட்கிறாள். இன்னொருவர், இத்தனை நூற்றாண்டாக வெள்ளைத் தோலுக்குத்தான் மவுசு, இப்போது கறுப்புதான் ஃபேஷன் என்று சந்தோஷமாகச் சொல்கிறார். முதல் தடவை பார்க்கும்போது இது விவரம் தெரியாத பெரியவர்களின் அசட்டுப் பேச்சு போலத் தெரியும். கிறிஸ்ஸும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறான், பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறான். இந்த மாதிரிப் பேச்சைச் சகித்துப் பழகியவன் அவன். அந்தப் பழக்கம்தான் அவனைச் சிக்க வைக்கிறது. வேறு யாராக இருந்தாலும் ஓடியிருக்கக்கூடிய இடத்தில், “இதெல்லாம் வழக்கம்தானே” என்று அவன் நின்றுவிடுகிறான்.

இரண்டாம் தடவை பார்த்தால் அதே காட்சி வேறு மாதிரி தெரியும். அவர்கள் மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோலச் சரக்கைச் சோதிக்கிறார்கள். பலம் எப்படி, ஆட்டம் எப்படி, சுகம் எப்படி என்று வாங்கப்போகிற உடம்பைப் பற்றிய விசாரணை அது. கிறிஸ் மாடிக்குப் போனதும் கீழே அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டு மேலே பார்க்கிறார்களே, அந்தச் சில நொடிகளில் இசை ஏதும் மிரட்டவில்லை, யாரும் பாய்ந்து வரவில்லை. இருந்தும் படத்திலேயே எனக்கு மிகவும் பயம் தந்த இடங்களில் அது ஒன்று. அப்புறம் வருகிற ஏலம். பிங்கோ விளையாட்டு என்ற பெயரில், கிறிஸ்ஸின் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், விரல் சைகையிலேயே விலை ஏறுகிறது. அடிமைச் சந்தைகளில் ஏலக்காரன் உரக்கக் கூவி விற்றான். இங்கே நாகரிகமானவர்கள் சத்தமில்லாமல் விற்கிறார்கள்.

ஏலத்தில் அவனை வாங்குவது யார் என்பதைக் கவனியுங்கள். ஜிம் ஹட்சன், பார்வையற்ற கலைப்பொருள் வியாபாரி. விருந்தில் கிறிஸ்ஸிடம் ஒழுங்காகப் பேசிய ஒரே ஆள். அவனுடைய படங்களின் தரத்தைப் பற்றிப் பேசியவர். “ஏன் கறுப்பினத்தவர்கள்?” என்று கட்டிப்போடப்பட்ட கிறிஸ் கேட்கும்போது, மற்றவர்களோடு தன்னைச் சேர்க்காதே, நீ என்ன நிறம் என்பது எனக்கு ஒரு பொருட்டே இல்லை, எனக்கு வேண்டியது உன் கண் என்கிறார். நிறம் பார்க்காதவன் நான் என்று சொல்லிக்கொள்கிறவரும் ஏலத்தில் கை தூக்கியவர்தான். இனவெறிக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை என்கிற தோரணையில், ஒரு கறுப்பினத்தவனின் பார்வையையே விலைக்கு வாங்குகிறார். இந்த ஒரு பாத்திரத்துக்காகவே திரைக்கதைக்கு விருது கொடுக்கலாம்.

இப்போது ஹிப்னாடிச நாற்காலிக்கு வருவோம். ரோஸின் அம்மா மிஸ்ஸி (கேத்தரின் கீனர்) தேநீர்க் கோப்பையில் கரண்டியைச் சுழற்றி, அவனுடைய மிக ஆழமான குற்ற உணர்வைத் தோண்டுகிறாள். கிறிஸ்ஸுக்குப் பதினொரு வயதில் அம்மா வீடு திரும்பவில்லை. யாரையும் கூப்பிடாமல் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தான். அம்மா சாலையில் வண்டி மோதிக் கிடந்திருக்கிறாள். மோதியவன் நிற்கவே இல்லை. அன்றைக்கு அசையாமல் உட்கார்ந்தவனை இன்றைக்கும் அசையாமல் ஆக்கி, ‘சன்கன் பிளேஸ்’ என்ற அடியற்ற இருட்டுக்குள் தள்ளிவிடுகிறாள். அங்கே அவன் மிதக்கிறான், கத்துகிறான், சத்தம் வெளியே போவதில்லை. தன் கண் வழியாக வெளியே நடப்பது மட்டும் தூரத்துத் தொலைக்காட்சி போலத் தெரிகிறது.

அறுவை முடிந்தபின் நீ பயணியாக, பார்வையாளனாக உள்ளே இருப்பாய் என்று ஜிம் விளக்குகிறார். அதாவது அந்த மனிதன் சாவதில்லை. தன் கை கால் இன்னொருவன் சொல்படி அசைவதைக் காலம் முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பான். எவ்வளவு கத்தினாலும் அமைப்பு நம் குரலை அடக்கிவிடுகிறது, அந்த ஒதுக்கப்பட்ட நிலைதான் சன்கன் பிளேஸ் என்று பீலே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவில் படம் வந்த சில மாதங்களிலேயே அந்தச் சொல் பேச்சு வழக்குக்குப் போய்விட்டது. 2017-லேயே கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் எழுத்தாளர் டனனரீவ் டியூ, கறுப்பினத் திகில் கலையைப் பற்றி அந்தப் பெயரிலேயே ஒரு பாடம் நடத்தினார்.

கிறிஸ் தப்பிப்பதும் ஒரு நாற்காலியில் இருந்தபடிதான். பயத்தில் கைப்பிடியைச் சுரண்டிச் சுரண்டி உறை கிழிந்து பஞ்சு வெளியே வருகிறது. அந்தப் பஞ்சைக் காதில் அடைத்துக்கொண்டு, ஹிப்னாடிச ஓசை கேட்காமல் தப்பிக்கிறான். அமெரிக்கத் தென்மாநிலங்களில் பல தலைமுறைக் கறுப்பின அடிமைகளின் முதுகு முறிந்தது பருத்திக் காட்டில். அவர்களுடைய பேரன் பஞ்சு பிய்த்து உயிர் பிழைக்கிறான். பாத்திரங்கள் யாரும் இதைச் சொல்லிக் காட்டுவதில்லை, கேமராவும் அங்கே தேவைக்கு மேல் நிற்பதில்லை. அதனால்தான் பலருக்கு முதல் தடவை இது தவறிப்போகிறது.

நீங்கள் “தூக்கிப்போடும் காட்சிகளும் குறைவு” என்று எழுதியிருப்பதற்கு என் பதில் ஜார்ஜினா. வீட்டு வேலைக்காரியாக வருகிற அந்தப் பாத்திரத்தில் பெட்டி கேப்ரியல் நடித்திருக்கிறார். கிறிஸ்ஸின் கைப்பேசியின் சார்ஜரை எடுத்துவிட்டதற்கு மன்னிப்புக் கேட்க வருகிறாள். கறுப்பின இளைஞர்கள் சாதாரணமாகப் பேசும் ஒரு தெருச்சொல்லை அவன் சொல்ல, அவளுக்கு அது விளங்கவில்லை. பழைய காலத்துப் பாட்டி பேசுகிற சொல்லால் அதைத் திருப்பிச் சொல்கிறாள். அவளுக்குள் இருப்பது ரோஸின் பாட்டி என்பதற்கான தடயம் அங்கேயே இருக்கிறது. பிறகு கிறிஸ், வெள்ளையர்கள் நிறையப் பேர் சூழ்ந்திருந்தால் தனக்குக் கொஞ்சம் பதற்றமாக இருக்கும் என்று மனம்விட்டுச் சொல்கிறான். அவள் முகம் சிரித்தபடியே “இல்லை, இல்லை, இல்லை” என்கிறது. கண்ணீர் மட்டும் கொட்டுகிறது. சிரிப்பு பாட்டியுடையது; கண்ணீர் உள்ளே அடைபட்டுக் கிடக்கிற பெண்ணுடையது. ஒரே முகத்தில் இரண்டு பேர். கேமரா தந்திரம் எதுவும் இல்லாமல், ஒரு நடிகையின் முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதைவிடப் பெரிய பயத்தைக் காட்டிய படம் சமீப காலத்தில் எனக்கு நினைவில்லை. ஆஸ்கர் கேப்ரியலைக் கண்டுகொள்ளாமல் விட்டது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

தோட்டக்காரன் வால்ட்டர் ராத்திரியில் வெறிபிடித்தவன்போல ஓடிவருவதற்கும் இதே மாதிரி ஒரு பின்னணி உண்டு. அவனுக்குள் இருப்பது ரோஸின் தாத்தா. 1936 பெர்லின் ஒலிம்பிக்கிற்கான தகுதிச்சுற்றில் ஜெஸ்ஸி ஓவன்ஸிடம் தோற்றவர் என்று முதலிலேயே அப்பா சொல்லிவிடுகிறார். நிஜத்தில் ஓவன்ஸ் அந்த ஒலிம்பிக்கில் 4 தங்கம் வென்று ஹிட்லரின் ஆரிய மேன்மைப் பேச்சை உலகத்தின் முன்னால் பொய்யாக்கியவர். ரோஸின் அப்பாவும் அதைப் பாராட்டித்தான் பேசுகிறார், தன் அப்பா அந்தத் தோல்வியிலிருந்து ‘கிட்டத்தட்ட’ மீண்டுவிட்டார் என்று சேர்க்கிறார். மீளவில்லை. தன்னைத் தோற்கடித்தவனின் இனத்து உடம்பையே எடுத்துக்கொண்டு ராத்திரியில் ஓடிப் பார்க்கிறார்.

இதே அப்பாதான், ஒபாமா மூன்றாம் முறை நின்றிருந்தால் அவருக்கே ஓட்டுப் போட்டிருப்பேன் என்று சொல்பவர். நீங்கள் கேட்ட அமெரிக்கப் பின்னணியில் முக்கியமானது இங்கேதான் இருக்கிறது. 2008-இல் ஒபாமா வென்றதும், இனப் பிரச்சினை முடிந்துபோன பழங்கதை என்ற பேச்சு அங்கே பெரிதாகக் கிளம்பியது. பீல் இந்தக் கதையை யோசிக்கத் தொடங்கியது அந்தச் சூழலில். அந்தப் பேச்சு பொய் என்று காட்டத்தான் படம் எடுத்ததாகப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆகவே அவர் குறி வைத்தது வெள்ளையர் மேன்மை பேசும் இனவெறியர்களை அல்ல. முற்போக்கு பேசுகிற, படித்த, வசதியான வடமாநிலக் குடும்பத்தை.

முதல் காட்சிக்கும் இப்படி ஒரு நிஜம் பின்னால் நிற்கிறது. ராத்திரி, மரங்கள் சூழ்ந்த பணக்காரக் குடியிருப்பு, வழி தெரியாமல் நடக்கும் கறுப்பின இளைஞன், பின்தொடரும் வெள்ளைக் கார். வழக்கமான திகில் படத்தில் இந்தத் தெரு பாதுகாப்பான இடம், ஆபத்து வெளியிலிருந்து வரும். இங்கே தெருவே ஆபத்து. 2012 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் சான்ஃபோர்டில், இப்படியொரு குடியிருப்புக்குள் நடந்துபோன 17 வயது டிரேவான் மார்ட்டின் சுட்டுக்கொல்லப்பட்டான். சுட்டவர் மறு ஆண்டு விடுதலையானார். அமெரிக்கப் பார்வையாளர்களுக்கு அந்தக் காட்சி தொடங்கிய நொடியே அது நினைவுக்கு வந்திருக்கும்.

மருத்துவம் என்ற பெயரில் கறுப்பின உடல்களைப் பயன்படுத்திக்கொள்வதும் கற்பனை இல்லை. 1840-களில் அலபாமாவின் மான்ட்காமரியில் மருத்துவர் மேரியன் சிம்ஸ், அடிமைப் பெண்களை மயக்க மருந்து இல்லாமல் திரும்பத் திரும்ப அறுத்து அறுவைமுறை கண்டுபிடித்தார். நவீன மகளிர் மருத்துவத்தின் தந்தை என்று அவருக்குச் சிலையும் வைத்தார்கள். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் இருந்த சிலையை 2018-இல்தான் எடுத்தார்கள். அதே அலபாமாவில், டஸ்கீகியில், 1932 முதல் 1972 வரை அரசின் பொதுச் சுகாதாரத் துறை சுமார் 600 கறுப்பின ஆண்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தியது. 399 பேருக்கு சிபிலிஸ் நோய் இருந்தது. பெனிசிலின் வந்த பிறகும் அவர்களுக்குக் கொடுக்காமல், நோய் முற்றுவதைப் பார்த்துக் குறிப்பெடுத்தார்கள். இது தெரிந்த ஒரு சமூகத்துக்கு, அன்பாகப் பேசுகிற வெள்ளை மருத்துவர் என்ற உருவம் எந்தப் பேயைவிடவும் குறைந்ததல்ல. கதை நடப்பது வடக்கே என்றாலும், படம் எடுக்கப்பட்டது அலபாமாவின் ஃபேர்ஹோப்பில், மொபைல் விரிகுடாவின் கரையில். ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்கு அடிமைகளை ஏற்றிவந்ததாக அறியப்படும் கடைசிக் கப்பலான குளோட்டில்டா 1860-இல் திருட்டுத்தனமாக நுழைந்தது அதே விரிகுடாவில்.

ரோஸைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போகும் வழியில் கார் மானை மோதுகிறது. வண்டியை ஓட்டியவள் ரோஸ், ஆனால் போலீஸ்காரர் கிறிஸ்ஸின் அடையாள அட்டையைக் கேட்கிறார். ரோஸ் சண்டை போட்டு, காட்டவிடாமல் தடுக்கிறாள். அந்த இடத்தில் நாம் எல்லோரும் அவள் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். காணாமல்போகப்போகிற ஒருவன் தன்னோடு இருந்ததற்கு எந்தப் பதிவும் இருக்கக்கூடாது என்பதற்காகத்தான் அவள் தடுத்தாள் என்று முடிவு தெரிந்தபின் புரிகிறது. படம் நம்மை ஏமாற்றவில்லை, எல்லாவற்றையும் நம் கண்முன்னால்தான் வைக்கிறது. நல்ல வெள்ளைக்காரி ஒருத்தியாவது இருக்க வேண்டும் என்ற நம் ஆசைதான் கண்ணை மறைக்கிறது.

திகில் சினிமாவின் பழைய கணக்கு ஒன்றையும் பீல் இங்கே தீர்க்கிறார். ஹாலிவுட் திகில் படங்களில் கறுப்பினப் பாத்திரம் சீக்கிரமே செத்துப்போகும் என்பது ரசிகர்களிடையே பழகிப்போன பேச்சு. 1968-இல் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ படத்தில் டுவேன் ஜோன்ஸ் என்ற கறுப்பின நடிகர் நாயகன். இரவு முழுவதும் உயிர்த்தெழுந்த பிணங்களோடு போராடிப் பிழைக்கிறார். காலையில் காப்பாற்ற வருகிற வெள்ளையர் கும்பல் அவரையும் பிணம் என்று நினைத்துச் சுட்டுவிடுகிறது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட அதே ஆண்டு அது. தன்னைப் பாதித்த படங்களில் ஒன்றாக பீல் அதைச் சொல்வதுண்டு.

‘கெட் அவுட்’ முடிவில், ரத்தம் தோய்ந்த கிறிஸ் ரோஸின் கழுத்தைப் பிடித்திருக்கும்போது சிவப்பு நீல விளக்குகள் வருகின்றன. அமெரிக்கத் திரையரங்குகள் அந்த நொடியில் மூச்சுப் பிடித்திருக்கின்றன. செத்துக் கிடக்கும் வெள்ளையர்கள் நடுவில் ஒரு கறுப்பின ஆண் நிற்கிறான், போலீஸ் வந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காரிலிருந்து இறங்குவது விமான நிலையப் பாதுகாப்பில் வேலை செய்யும் நண்பன் ராட். பீல் முதலில் எடுத்த முடிவு வேறு. அதில் வருவது நிஜப் போலீஸ், கிறிஸ் சிறைக்குப் போகிறான். அந்தக் காட்சியும் படமாக்கப்பட்டு, பின்னர் வீட்டு வெளியீட்டில் சேர்க்கப்பட்டது. கறுப்பின ஆண்கள் போலீஸால் கொல்லப்படும் செய்திகள் அதற்குள் நாட்டையே உலுக்கியிருந்தன. அதை இன்னொரு முறை சொல்லிக் காட்டுவதைவிட, ஒரு நாயகன் தப்பிப்பதைப் பார்ப்பதுதான் மக்களுக்குத் தேவை என்று பீல் மாற்றினார். மாற்றியது சரி என்பது என் கருத்து. விளக்கு வரும் நொடியில் பழைய முடிவும் நம் மனதுக்குள் ஓடிவிடுகிறது, ஆக இரண்டுமே நமக்குக் கிடைக்கிறது.

குறையே இல்லையா என்றால், உண்டு. அந்தப் பழைய விளம்பரப் படத்தைப் போட்டு மூளை மாற்றுத் திட்டத்தை விளக்கும் பகுதி எனக்கு எப்போதும் தடுமாறுகிறது. அதுவரை ஊகிக்க விட்ட படம், அங்கே உட்காரவைத்துப் பாடம் சொல்கிறது. ரோஸின் சகோதரனும் வெறும் முரட்டு வில்லனாகவே நின்றுவிட்டான். ஜார்ஜினாவின் உடம்புக்குச் சொந்தக்காரியான பெண் யார், எங்கிருந்து வந்தாள் என்று படம் ஒரு நிமிடம்கூட நின்று பார்க்கவில்லை. கறுப்பின ஆணின் பயத்தை இவ்வளவு நுட்பமாகச் சொன்ன படத்தில் கறுப்பினப் பெண்ணுக்கு அவ்வளவு இடமில்லை.

வெற்றியைப் பற்றிச் சுருக்கமாக. 45 லட்சம் டாலர் செலவில் எடுத்து, உலக அளவில் 25 கோடி டாலருக்கு மேல் வசூல். அதுவரை நகைச்சுவை நிகழ்ச்சிகளால் அறியப்பட்ட பீலுக்கு இது முதல் இயக்கம். 2018 ஆஸ்கரில் சிறந்த படம், இயக்கம், நடிகர், அசல் திரைக்கதை என்று 4 பரிந்துரைகள். திரைக்கதைக்கு விருது வந்தது. அந்தப் பிரிவில் வென்ற முதல் கறுப்பினத்தவர் பீல். திகில் படங்களை ஆஸ்கர் பொதுவாகத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதால் இது சாதாரண விஷயமில்லை. கோல்டன் குளோப்ஸ் இதை நகைச்சுவைப் பிரிவில் போட்டபோது, இது ஆவணப்படம் என்று பீல் ட்விட்டரில் பதில் எழுதினார்.

நேரம் இருந்தால் இன்னொரு தடவை பாருங்கள். இந்த முறை கிறிஸ்ஸை விட்டுவிட்டு மற்றவர்களைக் கவனியுங்கள்: வால்ட்டர், ஜார்ஜினா, விருந்தில் தொப்பியோடு வரும் கறுப்பின விருந்தாளி லோகன். கிறிஸ் முஷ்டியை நீட்டும்போது, அதை என்ன செய்வதென்று தெரியாமல் லோகன் கையால் பற்றிக் குலுக்குவதைப் பாருங்கள். தலைப்புப் பாடலையும் கேளுங்கள். மைக்கேல் ஏபல்ஸ் அமைத்த அந்த ஸ்வாஹிலிக் குரல்கள், மூத்தோர் சொல்லைக் கேள், ஓடிவிடு என்று கிறிஸ்ஸை முதலிலேயே எச்சரிக்கின்றன. அது முடிந்ததும் 1967-இல் ஸ்டான்லி கிரேமர் எடுத்த ‘கெஸ் ஹூஸ் கமிங் டு டின்னர்’ படத்தைத் தேடிப் பாருங்கள். வெள்ளையினப் பெண்ணொருத்தி தன் கறுப்பினக் காதலனை முற்போக்கான பெற்றோரிடம் கூட்டிவருகிற அதே நிலைமைதான். கலப்புத் திருமணத்தைத் தடுக்கும் சட்டங்கள் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஆண்டின் இறுதியில் வந்த படம். அதில் சிட்னி பாய்ட்டியர் உலகப் புகழ்பெற்ற மருத்துவராக, குறையே இல்லாதவராக வர வேண்டியிருந்தது. அப்போதுதான் அந்தப் பெற்றோர் அவரை ஏற்பார்கள். இந்த இரண்டு படங்களிலும் பெற்றோரைச் சந்திக்கும் காட்சிகளை அடுத்தடுத்துப் பார்த்தால், 50 ஆண்டுகளில் அமெரிக்க சினிமா எந்தக் கேள்வியைக் கேட்கும் துணிச்சலுக்கு வந்திருக்கிறது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.